வெயில் நாட்டிலே வெயிற்பஞ்சம்

(வலிகாமத்துக் கிராமமொன்றின் வாசிகசாலையிலே, கமக்காரரும் ஆசிரியரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பேச்சின் எழுத்து வடிவம்.)



எலும்பைப் பற்றிப் பேசுவதற்கும் ஒரு கூட்டமா என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். நிலத்தைப் பற்றிப் பேச நாம் கூடியிருக்கிறோம். நீரைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். வெங்காயத்தின் விலையைப் பற்றியும் மொழியின் உரிமையைப் பற்றியும் இதே மண்டபத்திலே மணிக்கணக்காக வாதிட்டிருக்கிறோம். ஆனால், நிலத்திலே நிற்பதற்குக் கால் வேண்டும்; மண்வெட்டி பிடிப்பதற்கு முதுகு வேண்டும். அந்தக் காலும் முதுகும் எம் மக்களிடையே மெலிந்து வருகின்றனவா என்று கேட்பதும் பொதுக்காரியமே ஆகும்.

ஒரு காட்சியைச் சொல்லுகிறோம். இச் சபையிலுள்ள எவருக்கும் இது புதிதாக இராது. விடியற்காலை. ஒரு பெரிய கல்வீடு. பிள்ளைகளில் ஒருவர் லண்டனில், ஒருவர் ரொறன்ரோவில், இன்னொருவர் கொழும்பில். வீட்டிலே எழுபத்தைந்து வயதைக் கடந்த தாய் தனியே இருக்கிறார். கிணற்றடிச் சீமெந்திலே பாசி படர்ந்திருக்கிறது. வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்புகிறார், கால் வழுக்குகிறது. விழுந்தது பெரிய விழுக்காடு அன்று. இருபது வயதுப் பெண் அப்படி விழுந்திருந்தால், எழுந்து சேலையைத் தட்டிவிட்டுச் சிரித்திருப்பாள். இந்தத் தாயால் எழ முடியவில்லை. இடுப்பு மூட்டை அடுத்த தொடையெலும்பு முறிந்துவிட்டது. அயலவர் வந்து காணும்போது வெயில் ஏறிவிடுகிறது.

முறிந்தது கிணற்றடியிலேதான். ஆனால் அந்த எலும்பு மெலியத் தொடங்கியது இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன்னராகும். அந்த முப்பது ஆண்டுக் கதையையே இன்று பேச வந்திருக்கிறோம்.

விதைநெல்லும் எலும்பும்

எலும்பு உயிரற்ற கம்பு அன்று. நாள்தோறும் ஒரு பக்கம் கரைந்து, ஒரு பக்கம் புதிதாகக் கட்டப்படும் உயிருள்ள உறுப்பு அது. உடம்பிலுள்ள கல்சியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலுமே சேமிக்கப்பட்டிருக்கிறது. எஞ்சிய ஒரு பங்கு இரத்தத்திலும் தசையிலும் ஓடுகிறது. அந்த ஒரு பங்கு சிறியதாயினும், அது குறைந்தால் இதயம் சீராகத் துடிக்காது, நரம்பு வேலை செய்யாது, தசை இழுத்துக்கொள்ளும். ஆகவே இரத்தத்திலே கல்சியம் குறையத் தொடங்கியவுடன், கழுத்திலுள்ள சிறு சுரப்பிகள் நான்கு விழித்துக்கொண்டு, எலும்பைக் கரைத்து இரத்தத்துக்கு அனுப்புமாறு கட்டளையிடுகின்றன.

கமக்காரப் பெருமக்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பஞ்சம் வந்தால் விதைநெல்லைக் குற்றி உண்பது போன்றது இது. அன்றைய பசி தீரும். அடுத்த போகத்துக்கு விதைப்பதற்கு ஒன்றும் இராது. வெளியே பார்ப்பவனுக்குக் களஞ்சியம் அப்படியே நிற்கும், உள்ளே வெறுமை.

உண்ணும் உணவிலுள்ள கல்சியம் குடலிலிருந்து இரத்தத்துக்குச் செல்வதற்கு ஒரு திறவுகோல் வேண்டும். அந்தத் திறவுகோல்தான் விற்றமின் டி எனப்படும் உயிர்ச்சத்து. அது இல்லையேல் பாலைக் குடித்தும் பயனில்லை, முருங்கையிலையை உண்டும் பயன் குறைவு. கல்சியத்தின் பெரும்பகுதி வந்த வழியே போய்விடும். குழந்தைப் பருவத்தில் இவ்வுயிர்ச்சத்துப் பெரிதும் குறைந்தால், கால்கள் வில்லாக வளையும். அதனைக் கணைநோய் என்கிறோம். வளர்ந்தோர்க்குக் குறைந்தால் எலும்பு மென்மையாகும்; உடம்பெங்கும் உளைவு, குந்தியிருந்து எழ முடியாமை, படியேறத் தள்ளாட்டம் ஆகியன தோன்றும். முதுமையில், வேறு காரணங்களாலும் எலும்பு பஞ்சுபோலத் துளையுற்றுப் போகும் வேளையில், இக்குறைவும் சேர்ந்துகொண்டால் முறிவு நெருங்கிவிடும்.

புகைசூழ்ந்த நகரங்களின் பாடம்

இவ்வுயிர்ச்சத்து ஏனைய உயிர்ச்சத்துக்களைப் போன்றதன்று. இதனை உணவிலே தேடுவது அரிது. எமது தோலே இதனை ஆக்கிக்கொள்கிறது. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்களில் ஒரு பகுதி தோலில் விழும்போது, தோலிலுள்ள கொழுப்புப் பொருளொன்று இவ்வுயிர்ச்சத்தாக மாறுகிறது. பின்னர் ஈரலிலே ஒரு மாற்றமும், சிறுநீரகத்திலே இன்னொரு மாற்றமும் பெற்று, அது வேலைக்கு ஆயத்தமாகிறது.

இவ்வுண்மையை உலகம் அறிந்த வரலாறு எமக்கும் படிப்பினையாகும். ஐரோப்பாவிலே ஆலைகள் பெருகி, நிலக்கரிப் புகை வானத்தை மூடி, ஏழைத் தொழிலாளர் இருண்ட சந்துகளிலே அடைபட்ட காலத்திற்றான் கணைநோய் அங்கே தலைவிரித்தாடியது. 1919 ஆம் ஆண்டு இங்கிலாந்திலே எட்வேட் மெலன்பி என்பவர், நாய்க்குட்டிகளுக்கு உண்டான அந்நோயைக் கொட் மீன் ஈரலெண்ணெய் தடுப்பதைக் காட்டினார். அதே ஆண்டு பேர்லின் நகரிலே ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற வைத்தியர், நோயுற்ற பிள்ளைகளைப் புற ஊதாக் கதிர் விளக்கின் முன்னே வைத்துக் குணப்படுத்தினார். 1922 இல் அமெரிக்காவின் மக்கொலம் குழுவினர் அந்த எண்ணெயிலுள்ள சத்தினை வேறுபடுத்தி, விற்றமின் டி எனப் பெயரிட்டனர். இத்துறையிலே உழைத்த ஜேர்மன் இரசாயன அறிஞர் வின்டவுஸ் 1928 இல் நோபல் பரிசு பெற்றார்.

மீனெண்ணெயும் வெயிலும் ஒரே நோயைக் குணப்படுத்தியமை அன்று பெரும் புதிராயிருந்தது. புதிர் அவிழ்ந்தபோது தெரிந்தது இதுவே: மக்களின் வாழ்க்கை முறை மாறி, அவர்கள் வெயிலினின்றும் பிரிக்கப்பட்டபோது இந்நோய் பெருகியது.

நிழலுக்குள்ளே போன சமுதாயம்

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. யாழ்ப்பாணக் குடாநாடு பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்துப் பாகைக்கும் குறைந்த தூரத்திற் கிடக்கிறது. ஆண்டு முழுவதும் தலைக்குமேல் வெயில். மார்கழி மாரியிலுங்கூட இடையிடையே சூரியன் முகங்காட்டுகிறான். இந்நாட்டிலே வெயிற்பஞ்சம் எங்ஙனம் வரும்?

வெயில் நிலத்திலே விழுகிறது, தோலிலே விழுவதில்லை. அதுதான் விடை.

துலா மிதித்து நீரிறைத்த காலத்தை எம் முதியோர் அறிவர். ஒருவர் துலாவிலே ஏறி நடக்க, ஒருவர் பட்டை பிடிக்க, இன்னொருவர் வாய்க்காலிலே தண்ணீர் கட்டுவார். மேலிலே சட்டையில்லை, இடுப்பிலே ஒரு முழத்துண்டு. பெண்கள் வெங்காயம் நடவும் களை பிடுங்கவும் புகையிலைக்குக் கெட்டு முறிக்கவும் தோட்டத்திலே நின்றனர். பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்து ஒழுங்கையிலே கிட்டியடித்தனர். அக்காலத்து வறுமையையும் சாதிக் கொடுமையையும் நாம் புகழ வரவில்லை. ஆனால் வெயிலுக்கு அன்று பஞ்சமில்லை.

இன்று இயந்திரம் இறைக்கிறது. நல்லதே, அந்த உழைப்பினின்றும் விடுபட்டமை முன்னேற்றமே. ஆயினும் எம் பிள்ளைகளைப் பாருங்கள். காலை ஆறு மணிக்குத் தனிக்கல்வி நிலையம், பின்னர் பாடசாலை, பின்னர் மீண்டும் தனிக்கல்வி நிலையம், இருட்டியபின் வீடு. புலமைப்பரிசிற் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பத்து வயதுப் பிள்ளை விளையாட்டு மைதானத்தை யன்னலூடாகப் பார்க்கிறது. மனிதன் தன் எலும்பின் பெருஞ்செல்வத்தைச் சேர்த்து முடிப்பது இருபது வயதை ஒட்டிய காலத்துக்குள்ளேதான். அதன் பின்னர் சேர்ப்பது சொற்பம். நாற்பதைக் கடந்தால் செலவே மிகுதி. சேர்க்கவேண்டிய காலத்தில் எம் பிள்ளைகளை இருட்டறையிலே இருத்திவிட்டு, பரீட்சையிலே எத்தனை புள்ளி என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. “வெயிலிலே போகாதே, கறுத்துவிடுவாய்” என்று சொல்லாத வீடு எத்தனை? நிறத்துக்கு விலைபேசும் கலியாணச் சந்தையொன்றை நாமே வைத்திருக்கிறோம். அச்சந்தைக்காகப் பெண்ணை நிழலிலே வளர்க்கிறோம். பின்னர் அவள் பிள்ளைகளைப் பெற்று, தன் எலும்பிலிருந்தும் பாலூட்டி, ஐம்பது வயதளவிலே மாதவிலக்கு நின்றபின், எலும்பைக் காத்துவந்த சுரப்பு நீரும் குறைந்து, கிணற்றடியிலே விழுகிறாள். நிறத்தைப் பற்றிய எமது பேதைமைக்குத் தண்டனை அவளுக்கு.

உத்தியோகத்தராகிய நாமோ மோட்டார் வண்டியின் கண்ணாடிக்குள்ளும் அலுவலகத்துக் கண்ணாடிக்குள்ளும் இருக்கிறோம். வெளிச்சம் வருகிறதே என்று எண்ணவேண்டாம். உயிர்ச்சத்தை ஆக்கும் கதிர்களைக் கண்ணாடி தடுத்துவிடும். இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. விடியற்காலை இளவெயிலே உடம்புக்கு உகந்தது என்று கருதி, ஆறரை மணிக்கு முற்றத்தில் நின்று திருப்தியடைகிறோம். அந்த வெயில் உடம்புக்கு இதமானதே. ஆனால் சூரியன் தாழ நிற்கும்போது வேண்டிய கதிர்கள் வளிமண்டலத்திலேயே பெரும்பாலும் தடைப்பட்டுப் போகின்றன.

இதற்கு ஒரு நாட்டுப்புற அளவுகோல் போதும். உமது நிழல் உம்மிலும் நீளமாயின், அந்த வெயிலால் இவ்விடயத்திற் பயன் மிகக் குறைவு. நிழல் உம்மிலும் குறுகும் வேளையே பயன்தரும் வேளை. எமது நாட்டிலே காலை ஒன்பதரை, பத்து மணியளவிலேயே அந்நிலை வந்துவிடுகிறது. அவ்வேளையில் கை, கால், முகம் வெயில்பட, வாரத்திற் பல நாள், பதினைந்து முதல் முப்பது நிமிடம்வரை நிற்பதோ நடப்பதோ பெரும்பாலோர்க்கு உதவும். எமது கரிய தோல் கதிர்களை வடிகட்டுவதால், வெள்ளையரிலும் எமக்குக் கூடிய நேரம் வேண்டும். அதற்காகச் சித்திரை வெயிலிலே நண்பகலில் முதியோரை நிறுத்திவிடாதீர்கள். பச்சிளங் குழந்தையைக் கடும் வெயிலிலே கிடத்திவிடாதீர்கள். அது பேராபத்து. தாய்ப்பாலில் இவ்வுயிர்ச்சத்துக் குறைவாகவே உண்டு; ஆகவே குழந்தைக்குத் துளிமருந்து வேண்டுமா என்று வைத்தியரைக் கேளுங்கள்; வெயிலை நம்பியிருக்க வேண்டாம்.

ஒஸ்லோவும் கண்டியும் திருப்பதியும்

இவை வெறும் ஊகமல்ல. நோர்வே நாட்டின் ஒஸ்லோ நகரில் வாழும் இலங்கையரையும், கண்டியில் வாழும் இலங்கையரையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2008 ஆம் ஆண்டு வெளியாயிற்று. நோர்வேயிலுள்ள இலங்கையரிற் பெரும்பாலோர் தமிழர் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஒஸ்லோவில் வாழ்வோரின் இரத்தத்தில் இவ்வுயிர்ச்சத்தின் சராசரி அளவு லீற்றருக்கு 31 நனோமோல் அளவில் நின்றது. கண்டியில் 54 அளவில் நின்றது. எலும்புக்குப் போதுமான அளவு 50 என்பது அமெரிக்க மருத்துவ அறிஞர் குழு 2010 இல் எடுத்த முடிவு.

இந்த இரண்டு எண்களும் இரண்டு செய்திகளைச் சொல்லுகின்றன. முதலாவது: வடதுருவத்தை அண்டி வாழும் எம் உறவினர் பெருங்குறைவோடு வாழ்கின்றனர். ரொறன்ரோவிலும் லண்டனிலும் மாரிகால மாதங்களில், வெளியே நின்றாலும் தோல் இச்சத்தை ஆக்க முடியாது. 1960களிலே கிளாஸ்கோ நகரிற் குடியேறிய தெற்காசியக் குடும்பங்களின் பிள்ளைகளிடையே கணைநோய் மீண்டும் தலைகாட்டியது இதனாலேதான். கரிய தோலினர் ஆண்டு முழுவதும் நாளுக்கு 10 மைக்கிரோகிராம், அதாவது 400 அலகு, உட்கொள்வதை எண்ணிப் பார்க்குமாறு பிரித்தானிய அரசு 2016 இல் அறிவுறுத்தியது. கடல்கடந்த பிள்ளைகளோடு தொலைபேசியிற் பேசும்போது, “சாப்பிட்டாயா?” என்பதோடு இதனையும் கேளுங்கள்.

இரண்டாவது செய்தி எமக்குரியது. கண்டியிலேயே சராசரி எல்லைக்கோட்டை ஒட்டி நிற்குமாயின், அக்கோட்டுக்குக் கீழே நிற்போரும் பலராவர். வெயில் நாடு என்ற பெயர் எவரையும் காப்பாற்றாது.

தோட்டத்திலே நிற்போர் தப்பிவிட்டோம் என்று எண்ணலாமா? எமக்கு அணித்தான திருப்பதிப் பகுதியிலே நகர மக்களையும் கிராமத்து உழவரையும் ஆராய்ந்து 2007 இல் வெளியிட்டனர். உழவரின் நிலை நகரத்தாரிலும் மேலாக இருந்தது. ஆயினும் அவர்களிடையேயும் குறைவு பரவலாகக் காணப்பட்டது. அவர்கள் உணவிலே கல்சியம் மிகக் குறைவு. தானியத்தின் உமியை ஒட்டிய பகுதியிலுள்ள பைற்றேற்று என்னும் பொருளோ மிகுதி. அப்பொருள் கல்சியத்தைப் பற்றிக்கொண்டு, குடல் அதனை உறிஞ்சாமற் செய்துவிடுகிறது. கல்சியம் குறைந்தால் உடம்பு தன் கையிலுள்ள உயிர்ச்சத்தையும் விரைவாகச் செலவழித்துவிடும். ஆகவே வெயில் மட்டும் போதாது. கலமும் நிறைய வேண்டும்.

எமது அடுக்களையில் உள்ளவை

வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் கல்சியம் வேண்டும். நூறு கிராம் அரிசியிலே பத்து மில்லிகிராம் அளவே உண்டு. மூன்று வேளையும் சோறும் பாணும் உண்பவன் எலும்புக்கு ஒன்றும் இடவில்லை. நூறு கிராம் குரக்கனிலோ 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. முருங்கையிலையும் அவ்வளவு கொடுக்கும். வேலியிலே நிற்கும் முருங்கை காய்க்கு மட்டும் என்று வைத்திருப்பது வீண். எள்ளுருண்டை, தயிர், முள்ளோடு சேர்த்து உண்ணும் நெத்தலி, ஒடியற் கூழிலே இடும் சிறு மீன் ஆகிய யாவும் எலும்புக்கு உணவே. குரக்கனை ஊறவைத்து முளைகட்டியோ, புளிக்கவிட்டோ சமைத்தால் முன்னர் சொன்ன பைற்றேற்றும் குறையும். புளிக்கவைக்கும் வழக்கம் எமது அடுக்களைக்குப் புதிதன்று.

குடாநாடு சுண்ணக்கற் பாறையின் மேல் அமைந்தது. எமது கிணற்று நீர் காய்ச்சிய கேத்தலின் அடியிலே வெள்ளைப் படிவு படிகிறதே, அதிற் பெரும்பகுதி கல்சியமே. இன்று சுத்திகரித்த போத்தல் நீருக்குப் பல வீடுகள் மாறிவிட்டன. உரத்தின் நைத்திரேற்று சேர்ந்த கிணறுகள் உள்ள இடங்களில் அது வேண்டியதே. ஆனால் அந்த இயந்திரம் தீமையோடு கல்சியத்தையும் வடித்துவிடுகிறது என்பதை அறிந்து, அந்த இழப்பை உணவிலே ஈடுசெய்ய வேண்டும்.

விற்றமின் டி நிலை வேறு. கொழுப்பு மிகுந்த கடல்மீன்களிலே ஓரளவு உண்டு. சூடையும் கும்பளாவும் விலைமலிவான நன்மீன்கள். ஒரு முட்டையின் மஞ்சட் கருவிலே 40 அலகு அளவு உண்டு. எழுபது வயதுவரை நாளுக்கு 600 அலகும், அதற்குமேல் 800 அலகும் வேண்டும் என்பர். முட்டையினாலே மட்டும் அதனை நிரப்புவதாயின் நாளுக்குப் பதினைந்து முட்டை உண்ண வேண்டும்! மரக்கறி உண்போர்க்கு உணவின் வழி இன்னும் ஒடுங்கியது. ஆகவேதான் வெயிலை வற்புறுத்துகிறோம்.

இதனோடு சுருட்டையும் சொல்லாமல் விடலாகாது. புகையிலை எமது செம்மண்ணின் காசுப்பயிர். அதனாற் படித்து உத்தியோகத்துக்குப் போனவர் பலர். ஆயினும் புகைப்பவனின் எலும்பு புகைக்காதவனின் எலும்பிலும் மெலிந்ததே. மறைப்பதற்கு இல்லை.

குளிசை வணிகமும் குளிசையின் தேவையும்

இவ்வளவையும் கேட்டபின், உடனே இரத்தப் பரிசோதனைக்கும் குளிசைக் கடைக்கும் ஓடிவிடாதீர்கள். அங்கேயும் ஒரு சந்தை காத்திருக்கிறது.

அமெரிக்காவிலே 25,000 பேருக்கு மேற்பட்டோரைக் கொண்டு நடத்திய பெரும் ஆய்வொன்றின் எலும்பு முறிவு பற்றிய முடிவு 2022 இல் வெளிவந்தது. நாளுக்கு 2,000 அலகு வீதம் ஐந்தாண்டு அளவு கொடுத்தும், பொதுவாக ஆரோக்கியமாயிருந்த நடுவயதினர், முதியோரிடையே முறிவு குறையவில்லை. நிறைந்த குடத்திலே நீர் ஊற்றினால் வழிந்தோடும், அவ்வளவே. 2024 இல் அந்நாட்டுச் சுரப்பியல் வைத்தியர் சங்கம், நோயறிகுறியற்ற வளர்ந்தோர் எல்லோரையும் பரிசோதிக்கத் தேவையில்லை என்று அறிவித்தது. அளவு மீறினாலோ இதுவே நஞ்சு. வாரத்துக்கு ஒன்றென்று கொடுத்த 60,000 அலகுக் குளிசையை நாளுக்கு ஒன்றாக விழுங்கினால், இரத்தத்திலே கல்சியம் ஏறி, வாந்தி, மனக்குழப்பம், சிறுநீரகப் பழுது ஆகியன விளையும். கேட்டவர்க்கெல்லாம் ஊசி போடுவதும் அத்தகையதே.

ஆனால், வெறுங் குடத்துக்கு நீர் வேண்டும். யாருடைய குடம் வெறுமையாக இருக்கக்கூடும்? வீட்டைவிட்டு வெளியேறாத முதியோர். அவர்கள் தோலின் ஆக்குந்திறனும் வயதாற் குறைந்துவிடுகிறது. கருவுற்ற தாய்மார். சிறுநீரக, ஈரல் நோயாளர். வலிப்புக்கு நெடுங்காலம் மருந்துண்போர். உடலை முழுதும் மூடி உடுப்போர். போரிலே காலிழந்தோரையும் முள்ளந்தண்டு அடிபட்டுப் படுக்கையிற் கிடப்போரையும் இவர்களோடு சேர்க்க வேண்டும். எலும்பு பாரம் தாங்கத் தாங்கவே வலுக்கும். பாரமற்ற எலும்பு கரையும். வெயிலும் இன்றி, நடையும் இன்றி இருப்போர்க்கு இரட்டை நட்டம். இவர்களே வைத்தியரிடம் முதலிற் செல்ல வேண்டியவர்கள். மாதக்கணக்கான உடல் உளைவையும் தொடைத் தசையின் சோர்வையும் “வாதம்” என்று எண்ணெய் பூசி மறைத்துவிடாதீர்கள்.

கேட்கவேண்டியவையும் செய்யவேண்டியவையும்

இலங்கையில் அறுபது வயதைக் கடந்தோர் 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நூற்றுக்கு 12.4 பேர், அத்தொகை ஏறிக்கொண்டே செல்கிறது. இடுப்பு முறிந்த முதியோரில் ஐவருக்கு ஒருவர் அளவில் ஓராண்டுக்குள் இறந்துவிடுவதாக உலக ஆய்வுகள் கூறுகின்றன. தப்பியோரிலும் பலர் பழையபடி நடப்பதில்லை. இளையோரைக் கடல்கடந்து அனுப்பிய குடாநாட்டிலே, அந்தத் தாயைத் தூக்கி இருத்துவது யார்?

ஆகவே அரசிடம் நாம் கேட்கவேண்டியவை உண்டு. 1995 முதல் உப்பிலே அயடீன் சேர்த்து, கண்டமாலை நோயை இந்நாடு எதிர்த்து நின்றது. கனடாவிலே பாலில் விற்றமின் டி சேர்ப்பது கட்டாயம். பின்லாந்து 2003 முதல் பாலிலே சேர்த்து, மக்களின் நிலையை உயர்த்தியது. இந்தியா 2018 இல் பாலுக்கும் சமையலெண்ணெய்க்கும் விதிமுறை வகுத்தது. இங்கும் அதனை ஆராய்க. ஆனால் அளந்து செய்க. 1950களிலே பிரித்தானியா குழந்தை உணவுகளில் அளவுமீறிச் சேர்த்துக் குழந்தைகளுக்குத் தீங்கு விளைந்தபின், 1957 இல் அளவைக் குறைக்க நேர்ந்தது. விழுந்து முறிந்து வருவோரின் விபரத்தை, எங்கே, எவ்வாறு விழுந்தனர் என்பதோடு வைத்தியசாலைகள் பதிவுசெய்க. தேவையுள்ளோர்க்குப் பரிசோதனையும் குளிசையும் அரச வைத்தியசாலையிலே இலவசமாகக் கிடைக்க வழிசெய்க.

இன்னொன்று. மருந்துச் சீட்டும் பரிசோதனை அறிக்கையும் நோயாளிக்கு விளங்கும் மொழியில் இருக்கவேண்டும். வாரத்துக்கு ஒன்று என்பதை நாளுக்கு ஒன்றாக விளங்கிக்கொள்வது மொழியால் வரும் நோயன்றோ? 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே எம் இளைஞர்க்குத் தமிழிலே மேலைத்தேய வைத்தியம் கற்பித்தார், நூல்களைத் தமிழாக்கினார், 1873 இற் திரும்பிச் சென்றார். அன்னியர் ஒருவர் அன்று செய்ததை, தமிழ் வைத்தியர்களாகிய எம்மவர் இன்று ஒரு துண்டுச் சீட்டிலே செய்ய இயலாதா?

எம் கையில் உள்ளவற்றுக்கோ எவரையும் கேட்கவேண்டியதில்லை. கிணற்றடிப் பாசியை வாரம் ஒருமுறை உரைத்துக் கழுவலாம். பிடித்து நடக்க ஒரு குழாயை நாட்டலாம். குளியலறைக்கும் படுக்கைக்கும் இடையே இரவிலே ஒரு விளக்கு எரியலாம். பாடசாலையிலே விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுக்காதிருக்கலாம். தனிக்கல்வி நிலையங்கள் வாரத்தில் ஒருநாளேனும் பிள்ளைகளை விட்டுவைக்கலாம். வாசிகசாலை இளைஞர், தனித்திருக்கும் முதியோரைக் காலை பத்து மணிக்குக் கைபிடித்து ஒழுங்கையின் முனைவரை நடத்திச் செல்லலாம். அந்த நடையிலே வெயிலும் உண்டு, பயிற்சியும் உண்டு, பேச்சுத்துணையும் உண்டு. கடைசியாகச் சொன்னது எந்தக் கடையிலும் கிடையாது.

அன்பர்களே, கடல்கடந்து பணம் அனுப்பும் பிள்ளைகளால் பெரிய வீட்டைக் கட்டிக்கொடுக்க முடிந்தது. அந்த வீட்டின் கிணற்றடியிலே அம்மாவின் கையைப் பிடிக்க அவர்களால் முடியாது. அயலிலே இருக்கும் எம்மால் முடியும். இக்கூட்டம் கலைந்து வீடு செல்லும் வழியிலே, தனித்திருக்கும் ஒரு முதியவரின் படலையைத் தட்டி, அவர் கிணற்றடியை ஒருமுறை பார்த்துவிட்டுச் செல்லுங்கள். இப்பேச்சுக்கு அதைவிட வேறு நன்றியுரை வேண்டாம்.